மொறிஸ் மைனர் இஞ்சினை மணல் முற்றத்தில் கழற்றி எடுப்பது

மொறிஸ் மைனரின் இஞ்சினைச் செயின் பிளொக்கில் (சங்கிலிக் கப்பியில்) மாட்டித் தூக்கி வெளியே வைக்க இருபது நிமிடம் போதும். அதற்கு முன்னால் ஒன்றரை நாள், இரண்டு நாள் வேலை கிடக்கிறது. கல்லடியிலிருந்து பொத்துவில் வரைக்கும் கிழக்கிலங்கைக் கரையோரத்தில் நின்ற பழைய கார்களில், உப்புக்காற்று தின்று, ஒவ்வொரு நட்டும் தன் போல்ட்டோடு ஒன்றாகிப் போயிருக்கும். அவசரத்தில் முறித்த ஒரு ஸ்டட்டைத் துளையிட்டு எடுக்க அரை நாள் போகும், துளை கோணலானால் அந்தப் பாகமே போகும். ஆகவே இந்த வேலையின் வேகத்தைக் கறள்தான் தீர்மானிக்கிறது. அதற்கு இடம் கொடுத்து வேலையைத் திட்டமிட்டால் எல்லாம் சரியாக நடக்கும்.

இங்கே எழுதியிருப்பது 1956க்குப் பிறகு வந்த மைனர் 1000 கார்களுக்கு. 948 சிசியும், 1962இல் வந்த 1098 சிசியும் ஒரே ஏ-சீரிஸ் குடும்பம், கழற்றும் முறையும் ஒன்றுதான். 803 சிசி சீரிஸ் 2 காருக்கும் பெரும்பகுதி பொருந்தும். 1948இல் அறிமுகமான முதல் மைனரில் இருந்த 918 சிசி பக்கவால்வு இஞ்சின் வேறு சாதி, அதற்கு இதைப் பின்பற்ற வேண்டாம்.

தொடங்க முன் செய்ய வேண்டியவை

முதலில் இஞ்சின் இலக்கம். பிளொக்கின் வலப்பக்கத்தில், டைனமோவுக்கு மேலே, ஒரு சிறிய தகடு அறையப்பட்டிருக்கும். 948 சிசியின் இலக்கம் 9எம் என்றும் 1098 சிசியின் இலக்கம் 10எம்ஏ என்றும் தொடங்கும். வாகனப் பதிவுச் சான்றிதழில் உள்ள இலக்கத்தோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். பல கைமாறிய காரில் எப்போதோ இஞ்சின் மாற்றப்பட்டு, புத்தகத்தில் பழைய இலக்கமே கிடக்கலாம். அது இப்போதே தெரிந்தால், ரிப்பேருக்குச் செலவழிக்க முன் பதிவைத் திருத்துவதைப் பற்றி யோசிக்கலாம். இன்னொன்றும் உண்டு. அந்தத் தகடு அலுமினியமாக இருந்தால், லேத் பட்டறையில் பிளொக்கைக் காஸ்டிக் சோடாத் தொட்டியில் போடும்போது கரைந்துவிடும். பிளொக்கை அனுப்ப முன் தகட்டைக் கவனமாகக் கழற்றி எடுத்து வைக்க வேண்டும். தொலைபேசியில் படமும் எடுத்து வையுங்கள்.

இஞ்சின் ஓடுகிற நிலையில் இருந்தால், கழற்ற முன் அதைக் கேட்டுப் பார்ப்பது மிகவும் முக்கியம். கழற்றி மேசையில் வைத்த பிறகு அது எதுவும் சொல்லாது. சூடேற்றி, நான்கு பிளக்கையும் கழற்றி, எக்ஸிலேற்றரை முழுதாக அழுத்திப் பிடித்தபடி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொம்பிரஷன் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நான்குக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். அளவு ஏறினால் தேய்ந்தது ரிங் அல்லது போர். ஏறாவிட்டால் வால்வு அல்லது கஸ்கெட். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் ஒன்றாகக் குறைந்திருந்தால் இடையில் ஹெட் கஸ்கெட் எரிந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். கியர் எந்த இடத்தில் கத்துகிறது, கிளச் விடும்போது கார் நடுங்குகிறதா, ஒயில் லைட் எப்போது எரிகிறது, இவற்றையும் எழுதி வையுங்கள்.

அடுத்து, கார் தள்ளினால் உருள்கிறதா? இதை மறந்தவர்கள் நடுவழியில் மாட்டிக்கொள்கிறார்கள். நிலையான வளையில் செயின் பிளொக் தொங்கினால், இஞ்சினைத் தூக்கிய பிறகு நகர வேண்டியது கார்தான். வருடக்கணக்கில் நின்ற காரின் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கும், ரயரில் காற்று இருக்காது. நான்கு சக்கரமும் சுழல்கிறதென்று உறுதிசெய்து, காற்றடித்து, மணல் முற்றமானால் சக்கரப் பாதையில் இரண்டு வரிசை பலகை போடுங்கள். இஞ்சின் கிரேனை வாடகைக்கு எடுப்பதானால் பலகை இன்னும் அவசியம். அதன் சின்ன இரும்புச் சக்கரங்கள் மணலில் புதைந்தால், இஞ்சின் தொங்கும்போது கிரேன் சாயும்.

காலத்தையும் பார்க்க வேண்டும். ஐப்பசி தொடங்கித் தை வரை வாடை மழையில், தகரக் கொட்டகை ஒன்றாவது இல்லாமல் இஞ்சினைத் திறக்கவே வேண்டாம். மாசிக்குப் பிறகு நல்ல காலம். ஆனால் கச்சான் அடிக்கும் மாதங்களில் மணல் பறக்கும். திறந்த ஒவ்வொரு துளையையும் உடனுக்குடன் அடைக்க வேண்டியதற்கு அதுதான் காரணம். அடைக்கும் துணி, துளையை விடப் பெரிதாக, வெளியே வாலோடு தொங்க வேண்டும். எத்தனை துணி வைத்தோம் என்பதைச் சுவரில் எழுதிவிடுங்கள். செப்பனிட்ட இஞ்சினை உள்ளே போன ஒரு துண்டுத் துணி கெடுத்துவிடும்.

ஸ்பனர் விஷயம்

இந்தக் காரில் பெரும்பாலான போல்ட்டுகள் அங்குலக் கணக்கு. இப்போது கடையில் வாங்கும் செட் மில்லிமீற்றர் கணக்கு. இரண்டும் கிட்டத்தட்டப் பொருந்துவதுதான் ஆபத்து. 1/2 அங்குலம் என்பது 12.7 மிமீ. அதில் 13 ஸ்பனர் போகும், சாதாரண நட்டில் கழலவும் செய்யும். கறள் பிடித்த நட்டில் மூலைகளை உருட்டிவிடும். 9/16 என்பது 14.3 மிமீ, அதில் 14 ஏறாது, 15 வழுக்கும். 5/8க்கு மட்டும் 16 ஓரளவு சரி. ஆகவே 7/16, 1/2, 9/16, 5/8 ஆகிய நான்கு அளவிலும் ரிங் ஸ்பனரும் ஆறு மூலைச் சொக்கற்றும் அங்குலக் கணக்கிலேயே தேடி எடுங்கள். பன்னிரண்டு மூலைச் சொக்கற் கறள் பிடித்த தலைக்கு ஆகாது. பழைய கராஜ்களில் அங்குல ஸ்பனர் இன்னும் கிடைக்கும்.

தூக்குவதற்கு: ஒரு தொன் செயின் பிளொக், ஒரு தொன் தாங்கும் பட்டி ஸ்லிங் இரண்டு, ட்ரொலி ஜக் ஒன்று, கார் தாங்கி நான்கு. இஞ்சின் மட்டும் 120 கிலோவுக்குக் கிட்ட வரும், கியர்பொக்ஸோடு 150 தாண்டும். பாரம் பெரிதல்ல. ஆனால் நைலோன் கயிறும் கயிற்று முடிச்சும் இந்த வேலைக்கு வேண்டாம். இழுபடும் கயிறு இஞ்சினை ஊசலாட வைக்கும், கூரான தகரத்தில் உராய்ந்தால் அறும்.

எங்கே தொங்கவிடுவது? மாமரக் கிளையிலும் வேப்பங் கிளையிலும் மாட்டுகிற வழக்கம் உண்டு. கிளை பாரத்துக்கு வளையும், இஞ்சின் விடுபட்டதும் நிமிரும். அந்த அசைவில் கிளச் தண்டு வளைந்துபோகும். ஓட்டு வீட்டு வளையும் இதற்குச் செய்ததல்ல. 2 அங்குல ஜீஐ குழாய் மூன்றை 12 அடி நீளத்தில் முக்காலியாக நிறுத்தி, கால்களின் கீழே பலகை வைத்து, மூன்று காலையும் சங்கிலியால் ஒன்றோடொன்று கட்டிவிட்டால் மணலில் கால் விரியாது. கொழுக்கி எட்டடி உயரத்துக்குக் குறையாமல் வேண்டும். காரின் முன் தகடு மூன்றடிக்குக் கிட்ட, சாய்ந்த இஞ்சின் மூன்றடி, ஸ்லிங் ஓரடி, செயின் பிளொக்கின் உடல் ஓரடி என்று கூட்டினால் கணக்கு வந்துவிடும்.

சேர்த்தா, பிரித்தா?

இஞ்சினையும் கியர்பொக்ஸையும் ஒன்றாக எடுக்கலாம், அல்லது கியர்பொக்ஸைக் காரில் விட்டு இஞ்சினை மட்டும் எடுக்கலாம். சீமெந்துத் தரையும் கிரேனும் உள்ள கராஜில் ஒன்றாக எடுப்பது நல்லது. பிரித்தல், சேர்த்தல் எல்லாம் மேசையில் நடக்கும், கிளச் தண்டுக்கு ஆபத்தில்லை. ஆனால் அதற்கு கார் உயர்ந்து நிற்க வேண்டும், கியர்பொக்ஸின் குறுக்குச் சட்டம் கழல வேண்டும், இஞ்சின் செங்குத்தாகச் சாய வேண்டும். அப்படிச் சாயும்போது கியர்பொக்ஸின் வால் வழியே ஒயில் கொட்டும்.

வீட்டு முற்றத்தில், இரண்டு மூன்று பேரோடு செய்பவருக்கு இஞ்சினை மட்டும் முதலில் எடுப்பதையே நாங்கள் சொல்வோம். கார் தன் சக்கரத்தில் நிற்கும், பாரம் குறைவு, உயரம் குறைவு. கியர்பொக்ஸைப் பிறகு இரண்டு பேர் கையாலேயே எடுத்துவிடலாம். கீழே வருவது அந்த முறை.

முதல் நாள்: நனைத்தலும் வடித்தலும்

கறள் இளக்கும் எண்ணெயை முந்திய நாள் மாலையே எல்லா போல்ட்டிலும் விடுங்கள். கடையில் டப்பாவில் வருவது சரி. ஓட்டோ கியர் பெட்டிக்குப் போடும் ஏரீஎஃப் ஒயிலும் அசிற்றோனும் சரிபாதி கலந்தாலும் நன்றாக இறங்கும். அது தீப்பற்றும் என்பதை மறக்க வேண்டாம். சைலன்சர் கிளிப், மனிபோல்ட் (இஞ்சினிலிருந்து புகையை சைலன்சர் பைப்புக்குக் கொண்டுபோகும் பாகம்) நட்டுகள், இஞ்சின் மவுண்ட் போல்ட்டுகள், கியர்பொக்ஸ் மூடித் தட்டின் ஸ்குரூக்கள், ப்ரொப் ஷாஃப்ட் (கியர்பொக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டு) போல்ட் நான்கு என்பவற்றுக்குக் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை.

பற்றரியைக் கழற்றுங்கள். அது பின் தடுப்புத் தகட்டோடு ஒட்டிய தட்டில் இருக்கிறது. மைனருக்குத் தொழிற்சாலையில் பொசிற்றிவ்தான் பொடி எர்த். பலர் பின்னர் ஒல்ற்றனேற்றர் போட்டு மாற்றியிருப்பார்கள். எந்தக் கேபிள் பொடிக்குப் போகிறதோ அதை முதலில் கழற்றுவது சட்டம், நிறத்தைப் பார்த்துக் கழற்ற வேண்டாம். பற்றரித் தட்டின் அடியை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். அசிட் வடிந்த இடமும் உப்புக்காற்றும் சேர்ந்தால் தகரம் வெறும் பெயின்ரில்தான் நிற்கும்.

ஒயிலை வடியுங்கள். சம்பில் (இஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தட்டில்) 3.7 லீற்றர் அளவு, கியர்பொக்ஸில் 1.3 லீற்றர் அளவு இருக்கும். ரேடியேற்றரில் சுமார் 5 லீற்றர். ரேடியேற்றரின் அடியில் ஒரு குழாய், பிளொக்கின் பின்பக்கத்தில் இன்னொன்று. பிளொக் குழாயைத் திறந்தும் ஒன்றும் வராவிட்டால் உள்ளே கறள் சேறு அடைத்திருக்கிறது. கம்பியால் குத்துங்கள். நீர் வந்த நிறத்தை வைத்தே உள்ளே என்ன நிலை என்று ஓரளவு கணிக்கலாம். ஒயிலில் பால்கோப்பி நிறம் தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

வடித்த ஒயிலை மணலில் ஊற்றவே கூடாது. நம் கரையோரக் கிணறுகள் ஆழமில்லாதவை, மணலுக்குக் கீழே சில அடியில் தண்ணீர். இங்கே ஊற்றினால் அடுத்த வளவுக் கிணற்றில் மிதக்கும். கேனில் அடைத்து, கழிவு ஒயில் எடுக்கும் கராஜில் கொடுங்கள். பச்சைக் கூலன்ற் இனிக்கும், ஆடும் நாயும் குடித்தால் சாகும். அதையும் மூடி வையுங்கள்.

மேல் வேலை

பொனட்டைக் கழற்ற முன் இரண்டு பிணைச்சலைச் சுற்றியும் பென்சிலால் கோடு போடுங்கள். இல்லாவிட்டால் பூட்டும்போது இடைவெளி சரிசெய்ய ஒரு பகல் போகும். இரண்டு பேர் பிடிக்க வேண்டும், மூலைகளின் கீழே பழைய சாரம் மடித்து வையுங்கள்.

ரேடியேற்றர் ஹோஸ் வராவிட்டால் முறுக்க வேண்டாம். ரேடியேற்றரின் கழுத்து மெல்லிய பித்தளை, முறுக்கினால் கிழியும். ஹோஸைக் கத்தியால் நீளவாக்கில் கீறி எடுங்கள். ஹோஸ் மலிவு. பிறகு பக்கத்து போல்ட்டுகளை எடுத்து, ரேடியேற்றரை நேரே மேலே தூக்குங்கள். காற்றாடியையும் கழற்றிவிட்டால் முன்னால் இடம் கிடைக்கும்.

பெற்றோல் வேலையில் ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். மைனரின் எஸ்.யூ. பெற்றோல் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. பைப்பைக் கழற்றிய பிறகு யாராவது சாவியைத் திருப்பினால் பம்ப் டிக் டிக்கென்று அடித்து முழுப் பெற்றோலையும் நிலத்தில் ஊற்றும். பற்றரி கழன்றிருந்தாலும் பம்பின் வயரையும் கழற்றிவிடுங்கள். பைப் முனையைச் சரியான அளவு போல்ட் ஒன்றைத் திணித்து அடையுங்கள். பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இங்கே பஞ்சமில்லை. உலர்தூள் தீயணைப்பான் ஒன்றும் இருந்தால் இன்னும் நல்லது. பீடி, சிகரெட் வேலி தாண்டித்தான்.

எயர் கிளீனர், சோக் கேபிள், எக்ஸிலேற்றர் கேபிள் ஆகியவற்றைக் கழற்றி, காபரேற்றரை இரண்டு நட்டோடு எடுத்துவிடுங்கள். பிளக் வயர்களுக்கு 1 முதல் 4 வரை இலக்கமிடுங்கள். டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் சின்ன வயர், ஒயில் பிரஷர் சுவிட்ச் வயர், ஸ்டாட்டர் மோட்டரின் தடித்த கேபிள், டைனமோவின் இரண்டு வயர் எல்லாம் கழல வேண்டும். டைனமோவில் ஒரு முனை பெரிது, மற்றது சிறிது, ஆகவே மாறாது. மற்ற எல்லா வயருக்கும் அடையாளம் வேண்டும். பேனாவால் எழுதிய பேப்பர் ரேப் ஒயில் பட்டால் அழியும். அலுமினியத் தகட்டில் ஆணியால் இலக்கம் குத்தி மெல்லிய கம்பியால் கட்டுவது மாதக்கணக்கில் நிற்கும். கார் வேலை எப்போதும் நினைத்ததை விட நீளும், அதனால் நீளும் என்றே வைத்து அடையாளமிடுங்கள்.

நட்டு போல்ட்டுகளைப் போட மூடியுள்ள ஜாம் போத்தல் நல்லது, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஒயில் விட்டு. தயிர்ச் சட்டி நிறைய வீட்டில் கிடக்கிறது என்று அதில் போட வேண்டாம். மண் சட்டி ஈரம் இழுக்கும், பாதுகாத்து வைத்த போல்ட் கறளாக எழும்பும்.

சைலன்சர் பைப்பை மனிபோல்ட்டோடு பிடிக்கும் கிளிப்தான் வழக்கமாக மல்லுக்கட்டும் இடம். காபரேற்றரும் பெற்றோல் பைப்பும் அகன்ற பிறகு மட்டும், காற்றோட்டமான நேரத்தில், காஸ் டோர்ச்சால் நட்டை மட்டும் மங்கல் சிவப்பாகும் வரை சூடாக்கி, மரைக்குப் பக்கத்தில் மெழுகுதிரியைத் தொடுங்கள். மெழுகு உருகி மரைக்குள் ஓடும். ஆறத் தொடங்கியதும் முன்னும் பின்னும் அசைத்துக் கழற்றுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கிளிப்பின் போல்ட்டை ஹக்சோவால் அறுத்துவிடுங்கள். கிளிப் புதிதாகப் போடும் பொருள்தான், மனிபோல்ட்டின் விளிம்பு அப்படியல்ல.

காருக்குள்ளும் அடியிலும்

இஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் இடையேயான மேல் போல்ட்டுகளுக்கு வழி காருக்கு உள்ளேதான். முன் சீற்றை எடுத்து, விரிப்பை நீக்கி, கியர் லிவரைக் கழற்றி, துளையை மூடி, கியர்பொக்ஸின் மேலுள்ள மூடித் தட்டைச் சுற்றிவர ஸ்குரூ கழற்றி எடுங்கள். இந்த ஸ்குரூக்கள் சில சுற்றும், ஆனால் வராது. கீழே பிடித்த நட் விட்டிருக்கும். தலையைக் கிரைண்டரால் சீவுவதே வழி, தீப்பொறிக்கு ஈரச் சாக்கு போட்டு.

கிளச் மைனரில் கம்பித் தொடுப்பு. பெடலிலிருந்து குறுக்குத் தண்டு வழியாக கியர்பொக்ஸின் லிவருக்குப் போகிறது. இழுவைச் சுருளையும் கம்பியையும் கழற்றுங்கள். தொடுப்பைப் பிடிக்கும் ஊசியின் விட்டத்தைக் கவனியுங்கள். தேய்ந்து பாதியாகியிருந்தால் கிளச் ஏன் சரியாக விடவில்லை என்பதற்கு அதுவே விடை.

ஸ்டாட்டர் மோட்டரை எடுத்த பிறகு இஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்குமான போல்ட்டுகள் சுற்றிவரத் தெரியும். பெரும்பாலும் 1/2 அங்குலத் தலை, சிலவற்றின் பின்னால் நட் இருக்கும், அங்கே இரண்டாவது ஆள் பிடிக்க வேண்டும். ஒரு அட்டையில் வட்டம் வரைந்து, எடுக்கும் போல்ட்டை அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள், நீளம் மாறுபடும். வலதில் ஒன்று, இடதில் ஒன்று என இரண்டை மட்டும் விரல் இறுக்கத்தில் விட்டு வையுங்கள்.

பிறகு ஒரு சுற்றுக் கையால் தடவிப் பாருங்கள். கண்ணால் பார்ப்பது போதாது. மறந்துபோகிறவை எப்போதும் இவைதான்: கியர்பொக்ஸ் பக்கத்து எர்த் பட்டி, ஹீற்றர் இருந்தால் ஹெட்டின் பின்னாலுள்ள குழாயின் கேபிள், ஒயில் சுவிட்ச் வயர், சில கார்களில் இஞ்சின் அதிராமல் பிடிக்கும் ஸ்டெடி கம்பி. எர்த் பட்டியைப் பற்றி இப்போதே குறித்து வையுங்கள். பூட்டும்போது அதை மறந்தால் ஸ்டாட்டருக்குப் போகும் முழுக் கரண்டும் சோக் கேபிளின் வழியே திரும்பி, அதைச் சிவக்கச் சிவக்க எரிக்கும்.

தூக்குதல்

மூன்று பேர் வேண்டும். ஒருவர் செயினில் மட்டும், ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் கியர்பொக்ஸ் பக்கம். செயினில் நிற்பவர் மற்ற இருவரும் சொன்னால் மட்டுமே இழுக்க வேண்டும். தொங்கும் இஞ்சினுக்குக் கீழே யாருடைய கையும் காலும் போகக்கூடாது.

ட்ரொலி ஜக்கை, மேலே ஒரு பலகைத் துண்டோடு, கியர்பொக்ஸின் முன்பகுதிக்குக் கீழே தாங்கக் கொடுங்கள். ஒரு ஸ்லிங்கை இஞ்சினின் முன் தகட்டுக்குப் பின்னாலும் மற்றதைப் பிளொக்கின் பின் முனையிலும் சுற்றுங்கள். டிஸ்ரிபியூட்டரிலோ ஒயில் பைப்பிலோ பட்டி அழுத்தாதபடி பார்க்க வேண்டும். ரொக்கர் கவரின் நட்டில் சங்கிலி மாட்ட வேண்டாம். ஹெட் நட்டுகளில் தகடு போட்டுத் தூக்குபவர்களும் உண்டு. ஹெட்டை எப்படியும் பிரிக்கப் போகிறீர்கள் என்றால் சரி. பிரிக்காத ஹெட்டானால் அந்த நட்டுகளை 40 இறாத்தல்-அடிக்கு முறையாகத் திரும்ப இறுக்க வேண்டிவரும்.

பாரம் செயினில் ஏறட்டும். மவுண்ட் ரப்பர் தளர்ந்து தெரிந்ததும் நிறுத்தி, இரண்டு முன் மவுண்ட் போல்ட்டுகளையும் எடுங்கள். இஞ்சினை ஓர் அங்குலம் உயர்த்துங்கள், ஜக்கையும் அதே அளவு. இப்போது கடைசி இரண்டு போல்ட்டும் வரட்டும்.

இனி வருவதுதான் பொறுமையின் இடம். கியர்பொக்ஸிலிருந்து நீளும் தண்டு கிளச் தட்டின் பல்லுக்குள்ளும், கிராங்கின் வால் முனையிலுள்ள புஷ்ஷுக்குள்ளும் போயிருக்கிறது. இஞ்சின் நேராக முன்னோக்கி வர வேண்டும். இடைவெளியைச் சுற்றிவரப் பாருங்கள். மேலே திறந்து கீழே ஒட்டியிருந்தால் இஞ்சினின் வால் உயர்ந்திருக்கிறது. கீழே திறந்து மேலே ஒட்டியிருந்தால் அதற்கு எதிர். செயினையோ ஜக்கையோ அரை அங்குலம் மாற்றி நேர்ப்படுத்துங்கள். முழுதாக ஒட்டிக்கிடந்தால் மர ஆப்பு மட்டும். கியர்பொக்ஸின் கூடு அலுமினியம், ஸ்குரூ டிரைவரைச் செருகினால் முகம் காயப்படும், பிறகு சமதளமாகப் பொருந்தாது. தண்டு முழுதாக விடுபடும் வரை, ஏறத்தாழ ஒரு சாணளவு, முன்னே இழுக்க வேண்டும். பாதியில் இஞ்சின் தொங்கி, அந்தப் பாரம் தண்டில் விழுந்தால், கிளச் தட்டு கோணும். பூட்டி ஓட்டும்போது கிளச் விடாமல் கியர் அரைக்கும், காரணம் யாருக்கும் விளங்காது.

விடுபட்டதும் முன்பக்கம் உயர, வால் சிறிது தாழ, மெதுவாக ஏற்றுங்கள். காரின் முன் தகட்டின் மேல் பழைய ரியூப்போ சாக்கோ போட்டிருக்க வேண்டும். சம்ப் முன் தகட்டைத் தாண்டியதும் செயினை நிறுத்தி, காரைப் பின்னே தள்ளி, உடனே சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். முன்பாரம் போனதால் காரின் மூக்கு உயர்ந்து நிற்கும், அது இயல்பு. இஞ்சினை அதே நேரம் தாழ்த்திவிடுங்கள். தேநீர் குடிக்கப் போகும்போது இஞ்சின் அந்தரத்தில் நிற்கக் கூடாது.

இறக்குவது பழைய கார் ரயர் ஒன்றின் மேல், சம்ப் நடுத் துளைக்குள் போகும்படி. வெறும் சம்ப்பில் நிறுத்தினால் அந்த மெல்லிய தகடு உள்ளே வளையும். உள்ளேயிருக்கும் ஒயில் உறிஞ்சும் வலை அதில் முட்டினால் ஒயில் பிரஷர் குறையும்.

எடுத்த பிறகு

கிளச்சின் ஆறு போல்ட்டையும் எதிரெதிராக, ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். ஒன்றை முழுதாகக் கழற்றினால் மூடி வளையும். மூடிக்கும் ஃபிளைவீலுக்கும் (கிளச் பூட்டியிருக்கும் கனமான சக்கரம்) முன்பே குறியிடுங்கள். அங்கிருக்கும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊத வேண்டாம். பழைய கிளச் லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் உண்டு. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

ஃபிளைவீலின் பின்னால் ஒயில் கசிந்திருந்தால் சீல் தேடி கல்முனை, கொழும்பு என்று அலைய வேண்டாம். இந்த இஞ்சினின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. கிராங்கில் வெட்டிய சுருள் மரை ஒயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. கொஞ்சம் ஈரம் இயல்பு. வடிந்து கிளச் நனைந்திருந்தால் பின் பெயரிங் தேய்வையும், இஞ்சினுக்குள் சேரும் புகை வெளியேறும் குழாய் (பிரீதர்) அடைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கியர்பொக்ஸுக்கு வருவோம். ஜக் தாங்கியபடியே இருக்க வேண்டும். முதலில் முன்னும் பின்னும் காரை உயர்த்தித் தாங்கியில் நிறுத்துங்கள். ப்ரொப் ஷாஃப்ட்டின் பின் விளிம்பு இரண்டிலும் ஒரு கோடு கீறி, நான்கு போல்ட்டையும் எடுத்து, ஷாஃப்ட்டைப் பின்னே இழுங்கள். கியர்பொக்ஸ் வாலில் மிச்ச ஒயில் வரும், பிளாஸ்ரிக் பையும் ரப்பர் பட்டியும் போட்டுக் கட்டுங்கள். ஸ்பீடோ கேபிளின் நட்டைக் கழற்றி, குறுக்குச் சட்டத்தின் போல்ட்டுகளை எடுங்கள். சட்டத்துக்குள் பிடித்த நட் சுற்றினால் இங்கேயும் அறுக்கத்தான் வேண்டும், வெல்டிங் வேலையில் புதிய நட் வைக்கலாம். பிறகு ஒருவர் காருக்குள்ளிருந்து வாலைத் தாங்க, மற்றவர் முன்னே இருந்து இழுத்து, இஞ்சின் இருந்த இடத்தின் வழியே வெளியே எடுங்கள்.

இஞ்சின் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமானால், பிளக் துளை ஒவ்வொன்றிலும் ஒரு மேசைக்கரண்டி இஞ்சின் ஒயில் விட்டுக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, பிளக்கைத் திரும்பப் பூட்டுங்கள். பொலித்தீனால் அடிவரை இறுக்கி மூடினால் மாரி காலத்தில் உள்ளே வியர்த்து, வெளியே வைத்ததை விட மோசமாகக் கறள் பிடிக்கும். மேலே மூடி, கீழ்ப்பக்கத்தைத் திறந்து விட்டு, நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில் பலகை மேல் வையுங்கள். மாதம் ஒருமுறை கிராங்கைக் கால் சுற்று திருப்பி விடுங்கள்.